துரு நிறத்தில் ஓடும் ஸ்பிரே

பெர்லினில் நாடாளுமன்றக் கட்டடத்தை ஒட்டி ஓடும் ஸ்பிரே ஆற்றில் சுற்றுலாப் படகுகள் போய்க்கொண்டே இருக்கும். அங்கே நீரின் நிறம் பச்சை கலந்த கறுப்பு. அதே ஆற்றின் மேல்பகுதியைப் பார்க்க ரயிலில் தென்கிழக்கே சுமார் இரண்டு மணி நேரம் போய், ஸ்பிரெம்பெர்க் என்ற சிறு நகரத்தில் இறங்கினேன். பாலத்தில் நின்று எட்டிப் பார்த்தபோது கீழே ஓடியது காவி. மழை இல்லை, வெள்ளம் இல்லை. ஆனாலும் இக்கரையிலிருந்து அக்கரைவரை ஒரே நிறம். நாணல்களின் அடித்தண்டில், நீருக்குள் சாய்ந்து கிடந்த மரக்கிளையில், கரைக்கற்களில் எல்லாம் அந்த நிறம் தடிப்பாகப் படிந்திருந்தது. இறங்கிப்போய் ஒரு கல்லைத் தடவினேன். விரலில் வழவழப்பாக ஒட்டிக்கொண்டது துரு.

இந்தத் துருவைப் பார்க்கத்தான் அவ்வளவு தூரம் போயிருந்தேன். ஓர் ஆற்றைப் பாழாக்கிக்கொண்டிருக்கும் அந்தச் சேற்றுக்கு இன்னொரு குணம் உண்டு. நீரில் கரைந்திருக்கும் ஆர்சனிக்கை அது பிடித்து வைத்துக்கொள்ளும். வங்கத்திலும் பிகாரிலும் கோடிக்கணக்கானோர் குடிக்கும் கிணற்று நீரில் இருக்கிறதே, அதே ஆர்சனிக்கை.

ஊருக்குப் பெயர் ஸ்பிரெம்பெர்க் என்றாலும், சுற்றியுள்ள நாட்டுப்புறம் முழுவதற்கும் லௌசிட்ஸ் என்று பெயர். ஜெர்மனியின் கிழக்கு ஓரம். கொஞ்ச தூரத்தில் போலந்து எல்லை. ஸ்லாவிய மொழி பேசும் சோர்பியர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக இங்கே வாழ்கிறார்கள். ரயில் நிலையப் பலகைகளில் ஊர்ப்பெயர் இரண்டு மொழிகளில் எழுதியிருக்கிறது. ஈஸ்டர் முட்டைகளில் மெழுகு தொட்டு வரையும் கோலங்களுக்குப் பேர்போன மக்கள். அவர்களுடைய வயல்களுக்கும் காடுகளுக்கும் அடியில் பழுப்பு நிலக்கரி இருந்தது. அதுவே அவர்களுக்கு வினையாயிற்று. நிலக்கரிக்காக இந்தப் பகுதியில் அழிக்கப்பட்ட கிராமங்கள் 130க்கு மேல்.

எனக்குத் துணையாக வந்தவன் ஒரு நெய்வேலிப் பையன். ஃப்ரைபெர்க் நகரத்துச் சுரங்கப் பல்கலைக்கழகத்தில் நிலத்தடி நீர் பற்றி மேற்படிப்புப் படிக்கிறான். அப்பா என்.எல்.சி.யில் பக்கெட் வீல் இயந்திரத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டில் சாப்பாட்டு நேரத்திலும் பெஞ்ச், பெல்ட், ஷிஃப்ட் என்றுதான் பேச்சு ஓடுமாம். ஸ்பிரெம்பெர்க்கிலிருந்து மறுபடி ரயிலேறி வைஸ்வாஸர் என்ற ஊரில் இறங்கினோம். ஊருக்கு வெளியே ஒரு மேட்டில் பார்வைக் கோபுரம் கட்டியிருக்கிறார்கள். அதன் உச்சியிலிருந்து பார்த்தால் நோக்டன் சுரங்கம் அடிவானம் வரை விரிந்து கிடக்கிறது. தூரத்தில் பாக்ஸ்பெர்க் அனல்மின் நிலையத்தின் புகை.

பள்ளத்தின் குறுக்கே ஏறக்குறைய அரை கிலோமீட்டர் நீளத்துக்கு ஓர் இரும்புப் பாலம் நின்றது. நின்றது என்பது பிழை. அது தண்டவாளத்தில் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. ஒரு பக்கம் அறுபது மீட்டர் மேல்மண்ணை வெட்டி வாங்கி, பள்ளத்தைத் தாண்டி மறுபக்கம் கொட்டிக்கொண்டே போகும் எந்திரம்.

"எங்க மைன்ஸ்ல இது கெடையாதுக்கா. பக்கெட் வீல் வெட்டும், பெல்ட்டு தூக்கிட்டுப் போகும், ஸ்ப்ரெட்டர் கொட்டும். இங்க பாலமே எல்லாத்தையும் பண்ணுது" என்றான். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஆனா தண்ணிக் கதை ரெண்டு ஊர்லயும் ஒண்ணுதான். பம்ப்பை நிறுத்துனா மைன்ஸே முழுகிடும்" என்றான்.

அந்தத் தண்ணீர்க் கதையில்தான் ஆற்றின் நிறத்துக்கான காரணமும் இருக்கிறது. நிலக்கரி வெட்ட வேண்டுமானால் பள்ளம் காய்ந்திருக்க வேண்டும். ஆகவே சுற்றுவட்டார நிலத்தடி நீரை ஆழ்குழாய்கள் வைத்து இரவு பகலாக இறைத்தார்கள், இன்றும் இறைக்கிறார்கள். கோட்பஸ் நகரத்தருகே ஸ்பிரே ஆற்றில் ஓடும் நீரில் பெரும் பங்கு இப்படி இறைத்து விடப்பட்டதே. நீர் இறங்கிய இடத்தில் காற்று நுழைந்தது. லௌசிட்ஸின் மணலுக்குள் இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் என்ற கனிமம் துகள் துகளாக இருக்கிறது. லட்சக்கணக்கான ஆண்டுகள் நீருக்கடியில் காற்றுப் படாமல் கிடந்தது அது. காற்றுப் பட்டதும் சிதைந்து இரும்பு உப்பாகவும் கந்தக அமிலமாகவும் மாறி, காய்ந்த மணலில் தங்கிவிட்டது.

1990இல் இரண்டு ஜெர்மனிகளும் இணைந்தபின் கிழக்கின் பழைய சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. அங்கெல்லாம் பம்புகள் நின்றன. நிலத்தடி நீர் மெல்ல மெல்ல ஏறித் தன் பழைய மட்டத்துக்கு வந்தது. வரும்போது வழியில் காத்திருந்த இரும்பையும் கந்தகத்தையும் கரைத்துக்கொண்டு வந்தது. இப்போது அந்த நீர் ஓடைகளின் அடியிலும் ஆற்றின் கரையிலும் ஊறுகிறது. ஊறும் இடத்தில் அது தெளிவாகத்தான் இருக்கிறது. ஸ்பிரே ஓரத்தில் கசிவு ஒன்றைக் காட்டிய பையன், ஒரு கண்ணாடிப் போத்தலில் அந்த நீரைப் பிடித்து என் கையில் கொடுத்தான். குடிக்கலாம் என்று தோன்றும் தெளிவு. பையில் வைத்துக்கொண்டேன். சாயங்காலம் ரயிலில் எடுத்துப் பார்த்தால் மஞ்சளாகக் கலங்கி, அடியில் விரற்கடை உயரத்துக்குக் காவி தங்கியிருந்தது. கரைந்திருந்த இரும்பு காற்றைக் கண்டதும் கரையாத துருவாகிவிட்டது.

ஆற்றுக்கு இது நல்லதல்ல. துரு ஆற்றடியில் போர்வையாகப் படிந்து, மீன் முட்டையிடும் இடங்களையும் பூச்சிகளின் இளம்பருவங்களையும் மூடிவிடுகிறது. ஸ்பிரெம்பெர்க்கில் 1965இல் கட்டி முடித்த அணை ஒன்று இருக்கிறது. வெள்ளத்தைத் தடுக்கவும் நீரைத் தேக்கவும் கட்டிய அணை இன்று இரும்பைத் தடுத்து நிற்கிறது. அதற்கு மேல்புறம் ஆற்றில் சுண்ணாம்பு கலந்து துருவைத் திரளவைத்து அடியில் படியச் செய்கிறார்கள். அணைக்குக் கீழே, கால்வாய்களில் படகு தள்ளிக்கொண்டும் வெள்ளரிக்காய் ஊறுகாய் விற்றுக்கொண்டும் வாழும் ஸ்பிரேவால்ட் வரை இந்தக் காவி போய்விடக் கூடாது என்ற கவலை.

கவலை நியாயம். ஆனால் அப்படித் திரட்டிய சேற்றை என்ன செய்கிறார்கள்? பழைய சுரங்கங்களைச் சீர்செய்யும் பொறுப்பு அரசு நிறுவனமான எல்.எம்.பி.வி.யிடம் இருக்கிறது. ஆண்டு முழுவதும் சேறு வந்துகொண்டே இருக்கிறது. கொஞ்சம் சாண எரிவாயுக் கலன்களில் கெட்ட நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவைப் பிடிக்கப் போகிறது. மிச்சம் கைவிடப்பட்ட சுரங்க ஏரிகளின் அடிக்கோ குப்பைக் கிடங்குக்கோ போய்ச் சேர்கிறது. சுண்ணாம்பு போட்டுத் திரட்டிய சேறு பெரும்பகுதி தண்ணீர்தான். அதோடு சுண்ணாம்பும் ஜிப்சமும் கலந்திருக்கும். அதை விற்பது சுலபமில்லை.

இந்த இடத்தில்தான் செல்ன் என்ற ஊர் வருகிறது. ஊர் என்று சொன்னாலும் இன்று அங்கே வீடு ஒன்றுகூட இல்லை. ஸ்பிரே கரையில் காட்டுக்கு நடுவே இருந்த சோர்பியக் கிராமம் அது. எழுபதுகளின் இறுதியில் நோக்டன் சுரங்கத்துக்காகக் காலி செய்யப்பட்டது. அந்தப் பெயர் இன்று சுரங்க நீரைச் சுத்தம் செய்யும் ஆலை ஒன்றுக்கு மட்டும் இருக்கிறது. உள்ளே போக எங்களுக்கு அனுமதி இல்லை. வேலியோரமாக நடந்தோம். பையன் சொன்னான்: "எங்க ஊர்ல மைன்ஸுக்குக் குடுத்த ஊரு பேரெல்லாம் பஸ் ஸ்டாப்புக்கு வச்சிருப்பாங்கக்கா. சின்ன வயசுல அங்க எறங்கி ஊரு எங்கன்னு தேடியிருக்கேன்."

செல்னில் 2000களின் பிற்பகுதியில், அன்று சுரங்கத்தை நடத்திய வாட்டன்ஃபால் நிறுவனமும் ஃப்ரைபெர்க் அருகிலுள்ள ஜி.இ.ஓ.எஸ். என்ற பொறியியல் நிறுவனமும் சேர்ந்து ஒரு சோதனை ஆலை வைத்தார்கள். யோசனை எளிமையானது. சுரங்க நீரில் சுண்ணாம்பு போடாமல், அது வரும் அமிலத்தன்மையோடேயே விட்டுவிட்டு இரும்பை வெளியே எடுக்க முடியுமா? வேதியியல் மட்டும் அறிந்தவர்கள் முடியாது என்பார்கள். அவ்வளவு அமில நீரில் இரும்பு காற்றைக் கண்டாலும் மாதக்கணக்கில் துருப்பிடிக்காமல் கிடக்கும். ஆனால் அந்த நீருக்குள் இரும்பைத் தின்று வாழும் நுண்ணுயிர்கள் இருக்கின்றன. தின்று என்பது ஏறக்குறைய உண்மையே. கரைந்த இரும்பிலிருந்து ஓர் எலெக்ட்ரானைப் பறித்து ஆக்சிஜனிடம் சேர்ப்பதில் கிடைக்கும் அற்ப ஆற்றலில், காற்றிலுள்ள கரியமில வாயுவை எடுத்துத் தங்கள் உடலைக் கட்டிக்கொள்கின்றன. வெயில் வேண்டாம், சர்க்கரை வேண்டாம். கிடைக்கும் ஆற்றல் மிகக் குறைவு என்பதால், தங்கள் உடம்பில் ஒரு பங்கு சேர்க்க அவை பல மடங்கு இரும்பைத் துருவாக்க வேண்டியிருக்கிறது. செல்ன் ஆலையில் பெருகியவற்றில் முக்கியமானது ஃபெர்ரோவம் என்ற பேரினம். ஃப்ரைபெர்க் பல்கலைக்கழகத்தின் நுண்ணுயிரியலாளர்கள் அதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார்கள்.

தொட்டிக்குள் பிளாஸ்டிக் பரப்புகளை வரிசையாகத் தொங்கவிட்டு, காற்று ஊதி, சுரங்க நீரைச் செலுத்தினார்கள். நுண்ணுயிர்கள் அந்தப் பரப்பில் குடியேறின. சில வாரங்களில் மஞ்சள் காவி ஓடு கட்டியது. அதைச் சுரண்டி எடுத்தால் நல்ல சுத்தமான ஒரே கனிமம். சுண்ணாம்பு கலப்பில்லை. நீரிலுள்ள இரும்பு முழுவதும் இப்படி வந்துவிடாது. மிச்சத்துக்கு ஆலையில் சுண்ணாம்பு வேண்டும்தான். ஆனால் வந்த அளவுக்குச் சுண்ணாம்பும் மிச்சம், சேறும் குறைவு, கையில் ஒரு பொருளும் மிஞ்சுகிறது.

அந்தக் கனிமத்தின் பெயர் ஷ்வெர்ட்மனைட். மண்ணிலுள்ள இரும்புக் கனிமங்களை வாழ்நாள் முழுதும் ஆராய்ந்த உடோ ஷ்வெர்ட்மன் என்ற ஜெர்மன் மண்ணியலாளர் பெயரால் 1994இல் அது முறைப்படி விவரிக்கப்பட்டது. அந்த விவரிப்புக்கு அடிப்படையான மாதிரி கிடைத்த இடம் பின்லாந்தின் பிஹாசல்மி சுரங்கம். உலகெங்கும் அமிலச் சுரங்க நீர் ஓடும் ஓடைகளில் மஞ்சளாகப் படிந்து கிடந்ததைத்தான் அதற்குமுன் எல்லோரும் பெயரில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வைஸ்வாஸரிலிருந்து ஃப்ரைபெர்க் போனோம். 1168இல் வெள்ளி கண்டெடுக்கப்பட்டு, அதனாலேயே எழுந்த நகரம். 1765இல் இங்கே தொடங்கிய சுரங்கக் கல்விக்கூடம் இன்றும் அதே நகரத்தில் பல்கலைக்கழகமாக நடக்கிறது. இண்டியம், ஜெர்மேனியம் என்ற இரண்டு தனிமங்கள் 19ஆம் நூற்றாண்டில் இங்கே கண்டுபிடிக்கப்பட்டவை. சந்தைச் சதுக்கத்தைச் சுற்றிய வீடுகளும் தேவாலயமும் அழகு. ஆனால் நான் அவற்றைப் பற்றி எழுத வரவில்லை.

சுரங்க நீர்த் துறையில் நெடுங்காலம் வேலை செய்த ஒரு பொறியாளரைப் பையன் ஏற்பாடு செய்திருந்தான். முதலில் எங்களுக்கு அவர் காட்டியது எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் எடுத்த ஷ்வெர்ட்மனைட் படம். பார்த்த உடனே எனக்கு வாய்விட்டுச் சிரிக்கத் தோன்றியது, அவ்வளவு சந்தோஷம். அப்படியே கடம்பம் பூ! உருண்டையான நடுப்பகுதி, அதிலிருந்து எல்லாத் திசையிலும் குத்திட்டு நிற்கும் ஊசிகள். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு அளவுள்ள உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்துக் கொத்தாக. இத்தனை ஊசிகள் இருப்பதால் பரப்பு மிக அதிகம். இயற்கையில் கிடைத்த மாதிரிகளில் ஒரே ஒரு கிராமுக்கு நூறு சதுர மீட்டருக்கும் மேல் அளந்திருக்கிறார்கள்.

பரப்பு மட்டும் போதாது. அதன் உள்ளமைப்பில் நுண்ணிய கால்வாய்கள் இருக்கின்றன. அவற்றில் சல்ஃபேட் உட்கார்ந்திருக்கிறது. ஆர்சனிக் காற்றோட்டமுள்ள நீரில் ஆர்சனேட் என்ற வடிவில் இருக்கும். சல்ஃபேட்டும் ஆர்சனேட்டும் உருவத்தில் நெருங்கிய உறவு: நடுவில் ஓர் அணு, சுற்றி நான்கு ஆக்சிஜன். ஆனால் ஆர்சனேட்டுக்கு இரும்பின்மேல் ஈர்ப்பு பல மடங்கு அதிகம். அது வந்ததும் சல்ஃபேட் இடத்தைக் காலி செய்துவிட்டு நீரோடு போய்விடுகிறது. ஆர்சனேட் தன் ஆக்சிஜன் கைகளால் இரும்பை நேரடியாகப் பற்றிக்கொள்கிறது. சும்மா நீரில் அலசினால் அந்தப் பிடி விடாது.

இதைப் பொறியாளர் எங்களுக்குச் செய்து காட்டினார். இரண்டு புட்டிகளில் ஆர்சனிக் கலந்த நீர். ஒன்றில் ஒரு சிட்டிகை ஷ்வெர்ட்மனைட் பொடியைப் போட்டு மூடி, குலுக்கி வைத்தார். தேநீர் குடித்துப் பேசிவிட்டு வந்தோம். பின் இரண்டையும் வங்கத்துக் கிராமங்களில் கிணறு சோதிக்கப் பயன்படுத்துகிறார்களே, அதே மாதிரிப் பெட்டியை எடுத்துச் சோதித்தார். புட்டிக்குள் வாயுக் குமிழிகள் எழும்ப, வாயில் செருகிய சிறு காகிதத் துண்டில் நிறம் ஏற வேண்டும். பொடி போடாத நீரின் காகிதம் மஞ்சளாகி, அரக்காகிக் கறுத்தது. மற்றொன்றைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வெள்ளையாகவே இருந்தது. ஓர் ஆற்றைக் காவியாக்கியது எதுவோ, அது அந்தப் புட்டிக்குள் என் கண்முன் நஞ்சை எடுத்திருந்தது. அந்த நிமிடத்தின் மகிழ்ச்சியை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. பையன் என் தோளைத் தட்டி, "பாத்தீங்களாக்கா!" என்றான்.

இப்படி ஆர்சனிக்கைப் பிடிக்கும் இரும்புத் துகள்கள் சந்தையில் ஏற்கெனவே உண்டு. 1990களில் பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உருவான இரும்பு ஹைட்ராக்சைடு மணிகள் பல நாடுகளின் குடிநீர் ஆலைகளில் இருக்கின்றன. அவை இரும்பு உப்பு வாங்கிச் செயற்கையாகச் செய்தவை, விலை அதிகம். பெரிய நகரத்தின் குடிநீர் வாரியம் வாங்கலாம். கிராமத்துக்கு எட்டாது. செல்ன் பொருளின் மூலப்பொருளுக்குக் காசு இல்லை. அதைத் தயாரிக்காவிட்டாலும் அந்த நீரை எப்படியும் சுத்தம் செய்தே ஆக வேண்டும். 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜெர்மன் அரசின் ஆராய்ச்சி நிதியில் இந்தப் பொடியைக் குச்சிகளாகவும் மணிகளாகவும் பிடித்து, ஆர்சனிக் உள்ள நீரைச் செலுத்திச் சோதித்தார்கள். பிடித்தது.

ஃப்ரைபெர்க்காரர்களுக்கு ஆர்சனிக் எங்கோ இருக்கும் நஞ்சில்லை. நகரத்தை அடுத்த ஹால்ஸ்ப்ரூக்க என்ற ஊரில் 140 மீட்டர் உயரச் செங்கல் புகைபோக்கி ஒன்று நிற்கிறது. 1889இல் கட்டி முடித்தபோது உலகத்திலேயே உயரமானது அதுதான். வெள்ளியும் ஈயமும் உருக்கிய உலைகளின் புகையில் கந்தகமும் ஆர்சனிக்கும் கலந்திருந்தன. அக்கம்பக்கத்து வயல்களும் காடுகளும் கருகின, மாடுகள் நோய்ப்பட்டன, குடியானவர்களுக்கு நட்டஈடு கொடுக்க வேண்டி வந்தது. ஆகவே புகையை உயரத்தில் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்று கட்டினார்கள். அந்த உலைகளில் ஆர்சனிக்கைப் பிரித்தெடுத்து விற்றும் இருக்கிறார்கள். செல்ன் ஆலையை உருவாக்கிய ஜி.இ.ஓ.எஸ். நிறுவனம் இந்தப் புகைபோக்கி இருக்கும் அதே ஊரில்தான் இயங்குகிறது. அடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்த்தபோது, ஊராருக்கு வேண்டாததை மேலே ஏற்றி அடுத்த ஊருக்கு அனுப்பியவர்களின் பேரப்பிள்ளைகள் அதை நீரிலிருந்து பிடித்து நிறுத்த வழி தேடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அவர்கள்மேல் மரியாதை கூடியது.

வங்கத்தின் கதையை அறிந்தவர்களுக்குத் தெரியும்: அங்கே ஆர்சனிக் வந்ததும் இரும்பு வழியேதான். இமயமலையிலிருந்து ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய மணலில், துருப் படிந்த ஒவ்வொரு துகளிலும் கொஞ்சம் ஆர்சனிக் ஒட்டியிருந்தது. ஒட்டியிருந்தவரை யாருக்கும் கேடில்லை. காற்றுப்புகாத ஆழத்தில், மக்கிய தாவரக் குப்பையைத் தின்னும் வேறு வகை நுண்ணுயிர்கள் அந்தத் துருவைக் கரைத்துவிடுகின்றன. கரையும்போது ஆர்சனிக் அவிழ்ந்து நீரில் கலக்கிறது. செல்ன் தொட்டியில் நுண்ணுயிர்கள் துருவைக் கட்டுகின்றன; வங்கத்து மண்ணில் அவற்றின் தூரத்து உறவினர்கள் துருவை அவிழ்க்கின்றன. குளத்து நீரால் வரும் பேதியிலிருந்து குழந்தைகளைக் காப்பாற்ற நல்லெண்ணத்தோடு லட்சக்கணக்கில் போட்ட குழாய்க் கிணறுகள் சரியாக அந்த ஆழத்துக்கு இறங்கின.

1980களின் தொடக்கத்தில் கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியின் தோல் மருத்துவர் கே.சி. சாஹா, உள்ளங்கையிலும் மார்பிலும் புள்ளியும் தடிப்புமாக வந்த கிராமத்து நோயாளிகளைப் பார்த்துக் காரணத்தைக் கண்டார். ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் திபங்கர் சக்ரவர்த்தி பல்லாண்டுகள் கிணறு கிணறாக அலைந்து நீரையும் முடியையும் நகத்தையும் சோதித்தார். உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு ஒரு லிட்டரில் 10 மைக்ரோகிராம். அதைவிடப் பல மடங்கு உள்ள கிணறுகள் அங்கே சாதாரணம். வங்கதேசத்தில் நல்ல கிணற்றுக்குப் பச்சையும் கெட்ட கிணற்றுக்குச் சிவப்பும் பூசினார்கள். சிவப்புக் குழாயடியில் வரிசையாகக் குடங்கள் நிற்பதைப் படங்களில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். பக்கத்தில் பச்சை இல்லாதபோது மனிதர்கள் வேறென்ன செய்வார்கள்?

அப்படியானால் செல்ன் பொடியை மூட்டை கட்டி அனுப்பிவிடலாமே என்று பொறியாளரிடம் கேட்டேன். அவர் பொறுமையாக மூன்று நான்கு தடைகளைச் சொன்னார். வங்கத்துக் கிணற்று நீரில் பாஸ்ஃபேட்டும் சிலிக்காவும் நிறைய. பாஸ்ஃபேட்டும் அதே இடத்துக்குப் போட்டியிடும். பொடி சீக்கிரம் நிறைந்துவிடும். கிணற்றிலிருந்து வரும் ஆர்சனிக்கில் கணிசமான பங்கு மின்னூட்டம் இல்லாத வடிவில் இருக்கிறது. அதை முதலில் காற்றோ வேறெதுவோ கொடுத்து மாற்றினால்தான் பிடிப்பது சுலபம். ஷ்வெர்ட்மனைட் நிலையான கனிமமும் இல்லை. அமிலம் குறைந்த நீரில் நாளடைவில் கோதைட் என்ற சாதாரணத் துருவாக மாறும். மாறும்போது சல்ஃபேட்டை விட்டு நீரைப் புளிக்கவைக்கும். பொடியாகவே போட்டால் வடிகட்டியை அடைக்கும். மணியாகப் பிடித்தால் கொள்ளும் அளவு குறையும்.

எல்லாவற்றிலும் கடினமானது, நிறைந்த பொடியை என்ன செய்வது என்பது. அதைக் குளக்கரைச் சேற்றிலோ குப்பை மேட்டிலோ எறிந்தால், காற்றில்லாத அடியாழத்தில் முன்பு நடந்ததே மறுபடி நடக்கும். துரு கரையும், ஆர்சனிக் வெளியே வரும். மேற்கு வங்கக் கிராமங்களில் 1990களின் இறுதியிலிருந்து வடிகட்டிகள் அமைத்துவரும் லீஹை பல்கலைக்கழகத்தின் அருப் சென்குப்தா குழு இதை முன்பே யோசித்து, வடிகட்டியிலிருந்து வரும் ஆர்சனிக் சேற்றைக் காற்றோட்டமுள்ள பெருமணல் தொட்டியில் வைத்தது. காற்றுப் பட்டுக்கொண்டிருக்கும்வரை இரும்பு தன் பிடியை விடாது. இதைப் பொறியாளரும் ஒப்புக்கொண்டார். அந்தக் குழுவின் வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது, வடிகட்டியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை ஊர்க்குழுவிடமே கொடுத்ததுதான். எந்த வேதியியலும் ஒரு கிராமத்தில் தினமும் திறந்து மூடுகிறவர் ஒருவர் இல்லாவிட்டால் துருப்பிடித்த இரும்புத் தொட்டியாக நின்றுவிடும். நம் நாட்டில் அப்படி நிற்கும் தொட்டிகளை நான் நிறையவே பார்த்திருக்கிறேன்; பார்த்த ஒவ்வொரு முறையும் வயிறு எரிந்திருக்கிறது.

இந்தத் தடைகள் எதுவும் என் நம்பிக்கையைக் குறைக்கவில்லை. ஏனென்றால் பொறியாளர் கடைசியாகச் சொன்னது வேறு. ஜெர்மனியிலிருந்து துருவைக் கப்பலேற்றுவதில் அர்த்தமே இல்லை. உங்கள் நாட்டிலேயே இப்படிச் சிவந்து ஓடும் ஓடைகள் இருக்குமே, அவை எங்கே என்று கேட்டார்.

அன்றிரவு பையனின் விடுதிச் சமையலறையில் அவன் ரசம் வைத்துக்கொண்டிருக்க, நான் அவனுடைய மடிக்கணினியில் வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மேகாலயத்தின் ஜைந்தியா மலைகளில் எலிவளைச் சுரங்கங்கள் தோண்டி, 2014இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தடை விதித்தபின்னும் காவியாக ஓடும் ஓடைகள் இருக்கின்றன. அஸ்ஸாமின் கிழக்கு ஓரத்தில் மார்கரிட்டா, லேடோ வட்டாரம். அங்கே வெட்டும் நிலக்கரியில் கந்தகம் மிக அதிகம். சுரங்கங்களிலிருந்து வருவது அமில நீர், படிவது இதே காவி. அங்கிருந்து பிரம்மபுத்திராவோடு மேற்கே இறங்கினால் ஜோர்ஹாட். அந்த மாவட்டத்தின் டிட்டாபர் பகுதிக் கிணறுகளில் ஆர்சனிக். சாலையில் ஒரே நாளில் போய்விடக்கூடிய தூரம்.

"இங்க பாரு தம்பி, மருந்தும் நோயும் பக்கத்து பக்கத்துல இருக்கு" என்றேன்.

அவன் அடுப்பைத் தணித்துவிட்டு வந்து திரையைப் பார்த்தான். வரைபடத்தைப் பெரிதாக்கி, லேடோவைச் சுற்றிய ஓடைகளை ஒவ்வொன்றாகத் தொடர்ந்தான்.

"மொதல்ல அந்தச் சேத்துல வேற என்ன இருக்குன்னு பாக்கணும்க்கா. நிக்கல், மாங்கனீசு, ஈயம், அலுமினியம். செல்ன்ல வந்தது சுத்தமா வந்துச்சு, அங்க எப்படி வருமோ. அப்பறம் அந்தத் தண்ணியோட அமிலம் எவ்வளவுன்னு வருஷம் பூரா அளக்கணும், மழைல மாறிடும். டிட்டாபர் கெணத்துல பாஸ்ஃபேட் எவ்வளவு, ஆர்சனிக் எந்த வடிவத்துல இருக்குன்னு தெரியணும்..."

சொல்லிக்கொண்டே ஒரு நோட்டை இழுத்து எழுத ஆரம்பித்தான்.